விருந்தும் வெம்மையும்

வெயிற்பொழுதிலே ஒருவர் நம் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருகின்றார் என வைத்துக்கொள்வோம். நாம் என்ன செய்கின்றோம்? "வாருங்கோ, இருங்கோ" என்று திண்ணையிலே பாயை விரிக்கின்றோம். செம்பிலே தண்ணீர் கொடுக்கின்றோம். மோரோ இளநீரோ கொண்டுவருகின்றோம். பனையோலை விசிறியை எடுத்துக் கையிலே கொடுக்கின்றோம். வந்தவர் தமக்குப் புழுக்கமாக இருக்கின்றது என்று சொல்லும்வரையில் நாம் காத்திருப்பதில்லை. அவர் நடந்துவந்த வெயிலிலே நாமும் நடந்திருக்கின்றோம். ஆதலால் அவருடைய தேவை கேளாமலே நமக்குத் தெரிகின்றது.

குளிர்நாட்டிலே இம்முறை தலைகீழாகிவிடுகின்றது. அங்கே வாயிலில் வந்து நிற்பவருக்கு முதலில் வேண்டியது தண்ணீரன்று, நெருப்பு. சோறும் கறியும் எத்துணைச் சிறப்பாக அமைந்திருப்பினும், உண்பவர் கைவிரல்கள் விறைத்திருக்குமாயின் அவ்விருந்து விருந்தாகாது. ஆதலால் குளிர்நாட்டு மக்கள் வீட்டுக்கு வருவோருக்கு வெம்மை வழங்குவதை ஒரு தனிமுறையாகவே வளர்த்து வந்திருக்கின்றனர். அம்முறையைப் பற்றியே இன்று நேயர்களுடன் சிறிது உரையாட விரும்புகின்றேன்.

கடலோரத்திலே வாழும் நமக்கு இப்பேச்சு எதற்கு என்று நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். அதற்குக் காரணம் இரண்டுண்டு. ஒன்று அண்மையிலுள்ளது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலே நுவரெலியா இருக்கின்றது. தை, மாசி மாதங்களில் அங்கே சில இரவுகளிற் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ அங்குள்ள உறவினர் வீட்டுக்குப் போகின்றவர் அன்றிரவு படும் பாடு அவருக்கே தெரியும். மற்றைய காரணம் தொலைவிலுள்ளது. 1983 ஆம் ஆண்டுக்குப் பின்னர் நம்மவர் பல்லாயிரக்கணக்கானோர் கனடாவிலும் இங்கிலாந்திலும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் குடியேறினர். பேரப்பிள்ளை பிறந்ததென்றும் கலியாணமென்றும் தாய் தந்தையர் அந்நாடுகளுக்குப் போய்வருகின்றனர். போகும் காலம் சிலவேளை மாரிகாலமாகவே அமைந்துவிடுகின்றது.

குளிரிலே நெருப்பை நாடுவது தமிழருக்குப் புதியதன்று. 'குளிர் காய்தல்' என்ற அழகிய தொடர் நம் மொழியிலே உண்டு. கூதிர்காலத்தை விரித்துரைக்கும் நெடுநல்வாடையிலே, தூறல் ஓயாத அந்நாட்களில் மக்கள் குடத்துத் தண்ணீரை வெறுத்து, 'தடவு' எனப்படும் அகன்ற வாயையுடைய கணப்புச் சட்டியின் செந்நெருப்பை விரும்பினர் என்ற செய்தி காணப்படுகின்றது. மலைநாட்டுத் தலைவனாகிய பேகன் குளிரால் நடுங்கிய மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தான் என்ற கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. மயில் போர்வை கேட்கவில்லை. கேளாமற் கொடுத்தமையே அக்கொடையின் சிறப்பு. இன்றைய பேச்சின் கருத்தும் அதுவேயாகும்.

இனி, விருந்தினருக்கும் வீட்டாருக்கும் குளிர் ஏன் வெவ்வேறு அளவிலே தோன்றுகின்றது என்று பார்ப்போம். நம் உடம்பின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியசு. அதனைக் காப்பதற்கு உடம்பு இடையறாது வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கின்றது. சும்மா அமர்ந்திருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து ஏறத்தாழ 100 உவாற்று வெப்பம் வெளியேறுகின்றது. பழைய மின்குமிழ் ஒன்றின் அளவு என்று கூறலாம். அடுப்படியில் எழுந்தும் குனிந்தும் வேலை செய்பவருடைய உடம்பு இதனினும் மிகுதியாக வெப்பத்தை உண்டாக்கும். ஆதலால் சமையல் செய்யும் வீட்டுத்தலைவிக்கு வியர்க்கும் அதே வேளையில், கூடத்திலே கைகட்டி அமர்ந்திருக்கும் விருந்தினருக்கு உடம்பு நடுங்கலாம். 'எனக்குக் குளிரவில்லையே, அவருக்கும் குளிராது' என்று அவள் எண்ணுவது இயல்பு. ஆனால் அது பிழை.

இன்னொன்றும் உண்டு. அறையின் காற்று வெதுவெதுப்பாக இருந்தாலும், பனிபடர்ந்த சன்னலின் அருகே அமர்ந்திருப்பவர் உடம்பிலிருந்து வெப்பம் அக்குளிர்ந்த கண்ணாடியை நோக்கிச் சென்றுகொண்டேயிருக்கும். கதவின் கீழ்வரும் மெல்லிய காற்று கணுக்காலைத் தீண்டிக்கொண்டேயிருக்கும். முதியோருக்கு வெப்பத்தை உண்டாக்கும் ஆற்றலும் குறைவு. குளிரை உணரும் ஆற்றலும் குறைவு. "எனக்கொன்றும் குளிரவில்லை, தம்பி" என்று பாட்டியார் சொல்வதை மட்டும் நம்பியிருத்தலாகாது. அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். குளிர்காலத்தில் வீட்டினுள்ளே வெப்பநிலை 18 பாகைக்குக் குறையாதிருத்தல் வேண்டுமென்றும், முதியோரும் குழந்தைகளும் நோயாளரும் உள்ள வீட்டில் அதனினும் மிகுதி வேண்டியிருக்கலாமென்றும் உலக சுகாதார தாபனம் 2018 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

குளிர்நாட்டார் இவற்றை நூலிற் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பழக்கத்தால் அறிந்தனர். காசுமீரத்திலே 'காங்கிரி' என்றொரு பொருளுண்டு. மண்சட்டியொன்றைச் சுற்றிப் பிரம்புபோன்ற மிலாறுகளாற் கூடை பின்னி, சட்டியினுள்ளே கரித்தணலை இட்டு, 'பெரன்' என்னும் நீண்ட அங்கியின் உள்ளே பிடித்துக்கொள்வர். விருந்தினர் வந்து அமர்ந்ததும், தேநீர் கொதிக்குமுன்னரே தணல் நிறைந்த காங்கிரி ஒன்று அவர் கைக்கு வந்துவிடும். நம் நாட்டிலே செம்புத் தண்ணீர் எந்த இடத்தைப் பெறுகின்றதோ, அந்த இடத்தை அங்கே தணல் பெறுகின்றது.

கொரியாவிலே வீட்டின் தரையே அடுப்பாக அமைந்தது. 'ஒண்டோல்' என்பது அம்முறையின் பெயர். சமையலறையில் எரியும் நெருப்பின் புகையும் வெக்கையும், அறையின் கற்றளத்தின் கீழே அமைத்த வழிகளினூடாகச் சென்று மறுபக்கத்துப் புகைபோக்கியால் வெளியேறும். அடுப்புக்கு அண்மையிலுள்ள தரைப்பகுதி மிகவும் சூடாக இருக்கும். தூரத்திலுள்ள பகுதி குளிர்ந்திருக்கும். அச்சூடான பகுதிக்கு 'அரென்மொக்' என்று தனிப்பெயர் உண்டு. முதியோரும் விருந்தினரும் அங்கேயே அமர்த்தப்படுவர். நேரங்கழித்து வீடு திரும்பும் மகனுக்குரிய சோற்றுக் கிண்ணத்தையும் அவ்விடத்திலேயே போர்வையால் மூடித் தாய் வைத்திருப்பாள். வெம்மையும் அன்பும் அம்மக்களுக்கு ஓரிடத்திலேயே இருந்தன. இக்காலத்துக் கொரிய வீடுகளில் தரையின் கீழே சுடுநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. அறை முழுவதும் ஒரே சூடாக இருக்கும்.

யப்பானின் பழைய நாட்டுப்புற வீடுகளிலே கூடத்தின் நடுவே தரையில் வெட்டிய சதுரமான அடுப்பு இருக்கும். அதன் நான்கு பக்கமும் நான்கு வகையினருக்கு உரியவை. ஒருபக்கம் வீட்டுத்தலைவனுக்கு; ஒருபக்கம் தலைவிக்கு; ஒருபக்கம் விருந்தினருக்கு; விறகு அடுக்கிய கடைசிப் பக்கம் வீட்டில் இளையோருக்கும் ஏவலருக்கும். வீட்டிலே எத்தனை பேர் குளிரால் நெருங்கி அமர்ந்தாலும், வந்தவருக்குரிய பக்கம் அவருக்கே உரியது. அந்நாட்டுத் தேநீர்ச் சடங்கிலே இந்நுட்பம் இன்னும் ஒருபடி உயர்ந்திருக்கின்றது. மே முதல் ஒக்ரோபர் வரை நீர் கொதிக்கும் கணப்பு விருந்தினருக்கு எட்டவே வைக்கப்படும். நவம்பர் முதல் ஏப்பிரில் வரை, தரையில் வெட்டிய அடுப்பிலே, அவருக்கு அண்மையில் நெருப்பு மூட்டப்படும். கோடையில் வெம்மையை விலக்குவதும் மாரியில் அதனை அணுகச் செய்வதும் விருந்தோம்புவான் கடன் என்று அவர்கள் கொண்டனர்.

அந்நாட்டின் பழைய 'நோ' நாடகங்களுள் ஒன்று 'கச்சிநோகி' என்பது. தொட்டியில் வளர்த்த மரங்கள் என்பது அப்பெயரின் பொருள். அதன் கதையைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். கடும்பனி பொழியும் மாலையிலே துறவி ஒருவர் ஒரு குடிலின் வாயிலில் வந்து தங்க இடம் கேட்கின்றார். அவ்வீட்டுக்காரன் நிலபுலங்களை உறவினரிடம் இழந்து வறுமையில் வாடும் ஒரு வீரன். விருந்தினரைத் தங்கவைக்கத் தகுதியற்ற வீடென்று நாணி, அவரைப் போகவிடுகின்றான். மனைவி இரங்கிச் சொல்லவே, பனியிலே ஓடிச்சென்று அவரை அழைத்துவருகின்றான். உண்ணக் கொடுத்தது தினைச்சோறு. இரவு வளரக் குளிரும் வளர்கின்றது. விறகு இல்லை. செல்வக்காலத்திலே அவன் அருமையாக வளர்த்த தொட்டிமரங்களுள் எஞ்சியவை மூன்று: ஒரு பிளம் மரம், ஒரு செரி மரம், ஒரு பைன் மரம். துறவி வேண்டாமென்று தடுக்கவும், அவன் அம்மூன்றையும் வெட்டி நெருப்பிலிட்டு அவரைக் குளிர் காயச் செய்கின்றான். அத்துறவியோ உண்மையில் மாறுவேடம் பூண்ட கோயோ தொக்கியோரி. 1246 முதல் 1256 வரை காமக்கூராவிலிருந்து நாட்டின் ஆட்சியை நடத்தியவர். பின்னொருநாள் அவர் அவ்வீரனை அழைத்து, இழந்த நிலத்தை மீட்டுக் கொடுத்ததோடு, அம்மூன்று மரங்களின் பெயர்களையும் தாங்கிய மூன்று ஊர்களைப் பரிசாக அளித்தார் என்று கதை முடிகின்றது.

பரிசு கதைக்கு அழகு. ஆனால் நாம் கொள்ளவேண்டியது பரிசையன்று. அவ்வீரன் முதலில் விருந்தினரைத் திருப்பியனுப்பியது ஈரமில்லாமையாலன்று. வறுமையைக் கண்ட நாணத்தால். குளிரிலே நிற்பவருக்கு நம் நாணம் உதவாது. உள்ளதைக்கொண்டு ஒரு மூலையையேனும் சூடாக்கி அழைப்பதே உதவி.

இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே நெடுங்காலம் வீட்டின் வெம்மை என்பது கூடத்துச் சுவரில் அமைந்த நிலக்கரி அடுப்பு ஒன்றே. அதன் அருகேயுள்ள நாற்காலி விருந்தினருக்கு உரியது. படுக்கையறையிலும் நெருப்பு மூட்டிக் கொடுப்பார்களாயின் அது பெருமதிப்பு. ஆனால் நெருப்பைக் கிளறும் இரும்புக்கோல் மட்டும் வீட்டாருக்கே உரியது. ஏழாண்டு பழகிய பின்னரே நண்பன் வீட்டு நெருப்பைக் கிளறலாம் என்று அவர்களிடையே ஒரு வழக்குரை உண்டு. 1952 ஆம் ஆண்டு டிசம்பரிலே, அடுப்புகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் எழுந்த கரிப்புகை மூடுபனியுடன் கலந்து இலண்டன் மாநகரைச் சில நாட்கள் மூடியது, ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அதன் விளைவாக 1956 ஆம் ஆண்டில் தூயகாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. கரியடுப்பு மெல்ல மெல்ல மறைந்து, வாயுவினாற் காய்ச்சிய நீர் குழாய்வழியே அறைகள்தோறும் ஓடும் முறை பரவியது. இன்று சுவரிலே வெப்பநிலைநிறுத்தி என்னும் சிறு கருவி ஒன்று இருக்கின்றது. பழைய இரும்புக்கோலின் இடத்தை அது பெற்றுவிட்டது. வீட்டாரைக் கேளாமல் அதனைத் திருப்புவது, அன்று நெருப்பைக் கிளறியதைப் போன்ற முறைகேடேயாகும்.

இங்கேதான் சிக்கல் பிறக்கின்றது. கரியடுப்புக் காலத்திலே நெருப்பு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அது தணிந்தால், ஒருவரும் சொல்லாமலே வீட்டுக்காரர் ஒரு கரித்துண்டை எடுத்து இடுவார். இன்றைய வெம்மை கண்ணுக்குத் தெரியாது. அது தணிந்ததை விருந்தினரின் உடம்பு மாத்திரமே அறியும், அவரோ வாய்திறவார்.

யாழ்ப்பாணத்திலிருந்து மார்கழியிலே தாய் ஒருத்தி கனடாவிலுள்ள மகன் வீட்டுக்குப் போகின்றாள் என வைத்துக்கொள்வோம். வெளியே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே. காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போகின்றனர். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் வெம்மை குறையுமாறு கருவியை அவர்கள் முன்னரே அமைத்திருக்கின்றனர்; இப்போது ஆள் இருக்கின்றார் என்பதை மறந்துவிடுகின்றனர். பகல் முழுவதும் அத்தாய் சேலைக்குமேற் சேலை சுற்றிக்கொண்டு கட்டிலிலே ஒடுங்கியிருக்கின்றாள். சுவரிலுள்ள கருவியைத் தொட அவளுக்கு அச்சம். மகனிடம் சொல்லவோ மனம் வரவில்லை. எரிபொருட் கட்டணத்தைப்பற்றி அவர்கள் பேசிக்கொண்டதை அவள் கேட்டிருக்கின்றாள். மாலையில் மகன் வந்து, "அம்மா, குளிருதோ?" என்று கேட்கின்றான். "இல்லை ராசா" என்கின்றாள். அன்பில்லாதார் ஒருவரும் அவ்வீட்டில் இல்லை; எனினும் அவள் குளிரிலே கிடந்தாள்.

அனிச்ச மலர் மோந்தால் வாடும், விருந்தினரோ முகந்திரிந்து நோக்கிய அளவிலே வாடுவர் என்பது வள்ளுவர் கருத்து. எரிபொருட் கணக்கை விருந்தினர் காதுபடப் பேசுவதும் முகந்திரிதலின் ஒரு வகையே. கட்டணம் சுமையில்லை என்று நான் கூறவில்லை. 2022 ஆம் ஆண்டிலே ஐரோப்பிய நாடுகளில் எரிபொருள் விலை ஏறியபோது, நடுத்தரக் குடும்பங்களும் அறைகளைக் குளிரவிட நேர்ந்தது. அத்தகைய வேளையிலும் செய்யத்தக்கன பல உண்டு. வீடு முழுவதையும் அரைகுறையாகச் சூடாக்குவதைவிட, விருந்தினர் இருக்கும் ஓர் அறையை நன்றாகச் சூடாக்கிக் கதவைச் சாத்தி வைத்தல் நன்று. கதவின் கீழுள்ள இடைவெளியைச் சுருட்டிய துணியால் அடைக்கலாம். திரைச்சீலையைப் பொழுதுபடுமுன் இழுத்து மூடலாம். அவரைச் சன்னலருகே இருத்தாமல் உட்சுவரின் பக்கம் இருத்தலாம். படுக்கைக்குப் போகுமுன் சுடுநீர்ப்போத்தலைத் துணியிற் சுற்றி மெத்தையினுள் வைக்கலாம். கம்பளியையும் காலுறையையும் 'வேண்டுமா' என்று கேளாமல் அவர் கைக்கெட்டும் இடத்திலே வைத்துவிடுதல் வேண்டும். கேட்டால் வேண்டாமென்பார், கண்முன்னே கிடந்தால் எடுத்துப் போர்த்துக்கொள்வார்.

பலர் கூடும் விருந்திலே நிலைமை வேறு. பத்துப்பேர் ஓர் அறையில் அமர்ந்தால், அவர்கள் உடம்பிலிருந்தே ஏறத்தாழ 1,000 உவாற்று வெப்பம் வெளிவரும். அது சிறிய மின்கணப்பு ஒன்றுக்குச் சமம். ஆகையால் முதலில் வருவோருக்கு இதமாக அறையைச் சூடாக்கி, கூட்டம் நிறைந்ததும் சற்றுக் குறைத்துவிடுதல் முறை. அதிக வெம்மையும் விருந்தினருக்குத் துன்பமே. நெருப்பிலே குளிர் காய்வோர் மிக விலகாமலும் மிக நெருங்காமலும் இருப்பதை வள்ளுவர் வேந்தரைச் சேர்ந்தொழுகுவதற்கு உவமையாக்கினார். வீட்டாரும் அந்த நடுவளவை நாடுதல் நன்று.

விருந்தினருக்கும் கடமை உண்டு. குளிர்நாட்டுக்குப் போகின்றவர் தமக்கு வேண்டிய தடித்த உடையைக் கொண்டுபோதல் வேண்டும். வீட்டினுள் மெல்லிய ஆடையோடிருந்து வெம்மை போதாதென்று குறைகூறலாகாது. உள்ளே வந்ததும் கதவை உடனே சாத்துதல் வேண்டும். சன்னலைத் திறக்கவும் கருவியைத் திருப்பவும் கேட்டே செய்தல் வேண்டும். வீட்டார் உண்மையாக வினவும்போது, "சற்றுக் குளிருகின்றது" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுதல் வேண்டும். அடக்கம் நற்குணமே, ஆனால் அவ்வடக்கத்தால் நோய்ப்பட்டு விழுந்தால், வீட்டாருக்கு அதனிலும் பெரிய வருத்தத்தையன்றோ கொடுத்தவராவோம்?

இறுதியாக, உயிரைப்பற்றிய ஒன்றைச் சொல்லாமல் இப்பேச்சை முடிக்கலாகாது. நுவரெலியாவிலோ வேறெங்கோ, குளிர் தாங்காத இரவிலே, விருந்தினர் நலங்கருதிக் கரித்தணல் நிறைந்த சட்டியை அவர்கள் படுக்கும் அறையில் வைத்துக் கதவையும் சன்னலையும் அடைத்துவிடுவோர் உண்டு. இஃது அன்பினாற் செய்யும் கொலையாய் முடியக்கூடும். காற்றோட்டமற்ற இடத்திலே கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சுடன் உட்சென்றதும், ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் அது குருதியிலே சேர்ந்துகொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, வாந்தி என்பன அதன் அறிகுறிகள். உறங்குபவரோ அவற்றை அறியாமலே மடிவர். கொரியாவிலே சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் விறகுக்குப் பதிலாகக் கரியுருண்டைகளை எரித்தபோது, தரையின் வெடிப்புகளால் இவ்வாயு கசிந்து மிகப் பலர் உறக்கத்திலேயே உயிரிழந்தனர். ஆதலால் புகைபோக்கியில்லாத அறையிலே கரிநெருப்பை வைத்து உறங்குதல் எக்காலும் ஆகாது. சன்னலைச் சிறிது திறந்துவிட்டாற் போதும் என்று எண்ணுவதும் தவறு. மேற்கூறிய அறிகுறிகள் தோன்றினால், உடனே அனைவரும் திறந்த வெளிக்கு வந்து, தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். வாயுவாலோ விறகாலோ சூடாக்கும் வீடுகளில் இவ்வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவியைப் பொருத்துவது இன்று எளிது. விருந்தினர் அறைக்கு அருகிலும் அதனைப் பொருத்துதல் நன்று.

நேயர்களே, வெயில்நாட்டிலே செம்புத் தண்ணீரைக் கேளாமற் கொடுக்கும் வழக்கம் நம்முடையது. குளிர்நாட்டுக்குப் போனதும் அவ்வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. கொடுக்கும் பொருளை மாற்றிக்கொண்டாற் போதும். உங்கள் பிள்ளைகள் அந்நாடுகளில் இருந்தால், அடுத்த முறை அவர்களோடு பேசும்போது இதனை நினைவூட்டுங்கள். நீங்களே அங்கே போகின்றவராயின், மகன் "அம்மா, குளிருதோ?" என்று கேட்கும்போது, "ஓம் ராசா, கொஞ்சம் குளிருது" என்று சொல்லத் தயங்காதீர்கள்.